களிமண் யானைமுகன்

பிள்ளையார் சதுர்த்தி பெரும்பாலும் ஆவணித் திங்களில் வரும். அன்று வழிபட்டுப் பின் நீரில் கரைப்பதற்குரிய உருவத்தைக் கடையில் வாங்குவோரே இன்று மிகுதி. ஆயினும், களிமண் கிடைக்குமாயின் சிறுவர்களே அதனைச் செய்துவிடலாம்.

அரியலூர் மாவட்டத்தில் ஏரிகள் பல உள்ளன. முதலாம் இராசேந்திர சோழன் கங்கைகொண்ட சோழபுரத்தில் அமைத்த சோழகங்கம், இன்று பொன்னேரி என வழங்குகிறது. ஏரிகளின் அடியில் படியும் நுண்ணிய களிமண்ணே உருவம் செய்வதற்கு ஏற்றது. மணல் மிகுந்தால் உருவம் உதிரும். கரிசல் மண்ணை மட்டும் கொண்டு செய்தாலோ, காயும்போது அது சுருங்கி வெடிக்கும். பெரியவர் துணையின்றிச் சிறுவர் ஏரியில் இறங்கலாகாது.

கல்லும் வேரும் நீக்கிய மண்ணில் நீரைச் சிறிது சிறிதாகத் தெளித்துப் பிசைய வேண்டும்; விரலில் ஒட்டாத பதமே சரியான பதம். பெரிய உருண்டை வயிறாகும். சிறிய உருண்டை தலையாகும். தட்டையாக்கிய இரண்டு வில்லைகள் காதுகள். துதிக்கைதான் தொல்லை தருவது. மெல்லிய திரியாக உருட்டி ஒட்டினால் அது காய்வதற்குள் விழுந்துவிடும். ஆதலின், ஒட்டுமிடத்தைக் குச்சியால் கீறி, மண்குழம்பு தடவி, துதிக்கையை வயிற்றின்மீது சாய்த்து வைத்தல் நன்று. கண்களுக்குக் குன்றிமணி பதிப்பது வழக்கம். அதன் பருப்பு கடும் நஞ்சாதலின், சிறு குழந்தைகள் கையில் அதனைக் கொடுத்தலாகாது. மூஞ்சுறு செய்வது எளிது: கூரிய முனையுள்ள ஓர் உருண்டை, இரண்டு காதுகள், ஒரு வால். முதன்முறை செய்வோர் இதிலிருந்தே தொடங்கலாம். செய்தவற்றை நிழலிலேயே உலர்த்த வேண்டும்.

பெரம்பலூர் மாவட்டத்துக் காரை என்னும் ஊரின் களிமண் மேடுகளில் ஜிப்சம் என்னும் கனிமம் படலம் படலமாகக் காணப்படுகிறது. அத்தகைய கனிமத்தைச் சூடேற்றிப் பொடியாக்கியதே பிளாஸ்டர் ஆப் பாரிஸ். நீர் சேர்ந்ததும் அது மீண்டும் கல்லைப்போல் இறுகும், எளிதில் கரையாது. சுடாத களிமண்ணோ, காயும்போது தன் துகள்களுக்கிடையே உள்ள நீரை மட்டுமே இழக்கிறது. ஆதலின், நீரில் இட்டதும் குழைந்து மீண்டும் வண்டலாகிறது. மண்ணாலாயினும் வண்ணம் பூசிய உருவம் நீரைக் கெடுக்கக்கூடும். இக்காரணங்களாலேயே 2020-ஆம் ஆண்டில் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் வெளியிட்ட நெறிமுறைகள் பிளாஸ்டர் உருவங்களை விலக்கி, இயற்கைக் களிமண்ணை வலியுறுத்தின.

ஏரி தொலைவில் இருப்பின் வீட்டில் ஒரு வாளி நீரே போதும். கரைந்த மண்ணைச் செடிகளுக்கு இடலாம். கரைக்குமுன் குன்றிமணிகளைப் பெயர்த்து எடுத்துவைத்தால் அடுத்த ஆண்டிற்கு உதவும்.