விரலுக்கேற்ற கம்பி

எலெக்ட்ரிக் கிட்டார் வாசிப்பவர்கள் இரண்டு பேர் சந்தித்தால் பாட்டுப் பேச்செல்லாம் பிறகுதான். முதலில் நம்பர். "நீங்க ஒன்பதா, பத்தா?" என்று ஒருவர் கேட்பார். "பதினொண்ணு" என்று மற்றவர் சொல்லும்போது குரலில் ஒரு மிதப்பு இருக்கும். கிட்டார்காரர்களிடையே கம்பியின் பருமன் மீசை மாதிரி ஆகிவிட்டது. தடித்திருந்தால் வீரம், மெலிந்திருந்தால் கேலி. இந்த வீரத்தை நம்பித் தடித்த கம்பியை மாட்டி, விரல் நுனி கன்றிப்போய், கிட்டாரை ஆணியில் தொங்கவிட்ட பிள்ளைகள் எத்தனை பேரோ!

நம்பர் என்பது முதல் கம்பியின், அதாவது இருப்பதிலேயே மெல்லிய கம்பியின் விட்டம். அங்குலத்தில் ஆயிரத்தில் எத்தனை பங்கு என்பது கணக்கு. ஒன்பது செட் 0.009 அங்குலத்தில் தொடங்கி, ஆறாவது கம்பியில் 0.042 வரை போகும். பத்து செட் 0.010 முதல் 0.046 வரை. ஒன்பதுக்கும் பத்துக்கும் முதல் கம்பியில் உள்ள வித்தியாசம் 0.025 மில்லிமீட்டர், தலைமுடியின் பருமனில் பாதிகூடத் தேறாது. ஆனால் விட்டம் சற்றுக் கூடினாலும் கம்பியின் எடை அதன் வர்க்கக் கணக்கில் கூடும். அதே சுருதிக்கு ஏற்ற வேண்டுமென்றால் இழுவிசையையும் அதே அளவு கூட்டியாக வேண்டும். ஒன்பதிலிருந்து பத்துக்குப் போனால் முதல் கம்பியில் ஏறக்குறைய கால் பங்கு இழுவை அதிகம். ஸ்ட்ராட்டோகாஸ்டர் போன்ற கிட்டாரில் ஒன்பது செட்டின் ஆறு கம்பிகளும் சேர்ந்து சுமார் 38 கிலோ இழுக்கின்றன. பத்து செட் சுமார் 47 கிலோ. கண்ணுக்குத் தெரியாத அந்த வித்தியாசம் கைக்கு உடனே தெரிந்துவிடும்.

தடித்த கம்பிதான் கனத்த ஓசை தரும் என்று அடித்துச் சொல்பவர்களிடம் நான் ஒரே ஒருவரைத்தான் எடுத்துக்காட்டுவேன்: பிளாக் சப்பாத் குழுவின் கிட்டார்காரர் டோனி அயோமி.

1965, இங்கிலாந்தின் பர்மிங்ஹாம். தகரம் வெட்டி வளைக்கும் தொழிற்சாலையில் பதினேழு வயது அயோமிக்கு அன்று கடைசி நாள் வேலை. முழுநேர இசைக்காரனாகிவிடலாம் என்று கணக்குப் போட்டிருந்தார். வழக்கமாக அவர் தொடாத இயந்திரம் ஒன்றில் நிறுத்தினார்கள். இயந்திரம் இறங்கியது. பதறிக் கையை இழுத்தபோது வலக்கையின் நடுவிரல், மோதிர விரல் இரண்டின் நுனிகளும் போய்விட்டன. அவர் இடக்கைக்காரர். கம்பியை அழுத்த வேண்டிய கையே அந்த வலக்கைதான்.

மனமுடைந்து கிடந்தவரிடம் தொழிற்சாலை மேலாளர் ஓர் இசைத்தட்டைக் கொண்டுவந்து போட்டுக் காட்டினார். வாசித்தவர் ஜாங்கோ ரைன்ஹார்ட். 1928இல் வண்டிவீட்டில் பிடித்த தீயில் இடக்கையின் இரண்டு விரல்கள் முடங்கிப்போக, மீதி விரல்களைக் கொண்டே ஜாஸ் உலகை அசத்தியவர். அயோமி எழுந்து உட்கார்ந்தார். பாத்திரம் கழுவும் சோப்புத் திரவத்தின் பிளாஸ்டிக் புட்டியை உருக்கி, விரல் நுழையும் அளவுக்குத் துளைத்து, தேய்த்து, மேலே தோல்துண்டு ஒட்டிக் குப்பி செய்துகொண்டார். அந்தக் குப்பிக்குள் இருக்கும் விரலுக்குக் கம்பி தட்டுப்படாது. எவ்வளவு அழுத்துகிறோம் என்பதும் தெரியாது. வழக்கமான கம்பிகளோ விரைப்பாக இருந்தன. மெல்லிய கம்பி வேண்டுமென்று கேட்டால், யாரும் வாங்க மாட்டார்கள் என்று தயாரிப்பாளர்கள் கையை விரித்தார்கள். பாஞ்சோ வாத்தியத்தின் மெல்லிய கம்பிகளை வாங்கிக் கிட்டாரில் மாட்டி ஒப்பேற்றினார்.

பிறகு இன்னொரு படி போனார். 1971இல் வெளிவந்த 'மாஸ்டர் ஆஃப் ரியாலிட்டி' ஆல்பத்தின் பல பாட்டுகளில் கிட்டாரையே மூன்று அரைச்சுரம் கீழே இறக்கிவிட்டார். சுருதியை அவ்வளவு இறக்கினால் இழுவிசை சுமார் 30 சதவீதம் குறையும். அப்படித் தளர்ந்து தொங்கிய மெல்லிய கம்பிகளிலிருந்துதான் பிளாக் சப்பாத்தின் அந்த இருண்ட, பாரமான ஒலி வந்தது. ஹெவி மெட்டல் என்ற இசை வகையே அங்கிருந்து கிளம்பியதாகச் சொல்கிறார்கள். உலகத்தின் கனமான இசை, மெல்லிய கம்பியில் பிறந்திருக்கிறது!

இதில் மாயமில்லை. வயிற்றுப்பகுதி குடைந்த அக்குஸ்டிக் கிட்டாரில் கம்பிதான் மரப்பலகையை அசைத்து ஓசை எழுப்ப வேண்டும். அங்கே பருமனுக்கு வேலை உண்டு. எலெக்ட்ரிக் கிட்டாரில் கம்பியின் அசைவை பிக்கப் காந்தம் மின்சாரமாக்குகிறது, ஓசையைப் பெருக்குவது ஆம்ப்ளிஃபயர். ஒலி குறைந்தால் குமிழைத் திருப்பலாம், பிக்கப்பைச் சற்று உயர்த்தலாம். (அக்குஸ்டிக்குக்கான வெண்கலக் கம்பியை எலெக்ட்ரிக்கில் மாட்டினால் காந்தம் அதைச் சரியாகக் கண்டுகொள்ளாது. விலை குறைவு என்று யாராவது கொடுத்தால் வாங்காதீர்கள்.)

அயோமி செய்த பாஞ்சோ தந்திரம் அமெரிக்காவில் அதற்கும் முன்பே புழக்கத்தில் இருந்தது. 1950களின் செட்டுகள் முரட்டுத்தனமானவை. மூன்றாவது கம்பிகூட மேலே உலோக இழை சுற்றிய சுற்றுக்கம்பி. அதை வளைத்து சுரத்தை ஏற்றுவது மல்யுத்தம். ஆகவே முதலிடத்தில் பாஞ்சோ கம்பியை மாட்டி, செட்டின் முதல் கம்பியை இரண்டாமிடத்துக்கும் இரண்டாவதை மூன்றாமிடத்துக்கும் தள்ளிக்கொண்டே போய், ஆறாவதைத் தூக்கிப் போட்டுவிடுவார்கள். பாடகர் ரிக்கி நெல்சனோடு வாசித்த ஜேம்ஸ் பர்ட்டன் இப்படிச் செய்தவர்களில் ஒருவர். கலிஃபோர்னியாவில் கிட்டார் கடை வைத்திருந்த எர்னி பால், மாணவர்கள் மூன்றாவது கம்பியோடு மல்லுக்கட்டுவதைப் பார்த்து, மெல்லிய செட் போடுங்கள் என்று ஃபெண்டர் கிட்டார் நிறுவனத்திடம் கேட்டார். அவர்கள் மறுத்தார்கள். கம்பி ஆலையில் தானே சொல்லிச் செய்யவைத்து 1960களின் தொடக்கத்தில் 'ஸ்லிங்கி' என்ற பெயரில் விற்க ஆரம்பித்தார். இன்று ஃபெண்டரே தன் ஸ்ட்ராட்டோகாஸ்டர்கள் பலவற்றை ஒன்பது செட் மாட்டித்தான் அனுப்புகிறது.

எதிர்க்கட்சிக்கும் தலைவர் உண்டு. டெக்ஸஸ் மாநிலத்து ப்ளூஸ் கிட்டார்காரர் ஸ்டீவி ரே வான் பதின்மூன்றில் வாசித்தார். அரைச்சுரம் இறக்கியிருந்தார் என்றாலும், முதல் கம்பியில் அது சாதாரண பத்து செட்டைப் போல ஒன்றரை மடங்கு இழுவை. விரல் நுனித் தோல் கிழிந்து, சூப்பர் க்ளூ வைத்து ஒட்டிக்கொண்டு மேடையேறுவாராம். அந்தக் கைக்கு அந்தக் கம்பி பொருந்தியது. நம் கைக்கும் பொருந்த வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. அதே டெக்ஸஸ் மாநிலத்து பில்லி கிப்பன்ஸ் ஏழில் வாசிக்கிறார். தான் இளைஞனாக இருந்தபோது ப்ளூஸ் மேதை பி.பி.கிங் தன் கிட்டாரை வாங்கி வாசித்துப் பார்த்துவிட்டு, எதற்கு இவ்வளவு பாடுபடுகிறாய் என்று கேட்டதாக கிப்பன்ஸே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். குவீன் குழுவின் பிரையன் மே எட்டில் வாசித்திருக்கிறார்.

அப்படியானால் எல்லோரும் எட்டுக்குப் போய்விடலாமா? கூடாது. மெல்லிய கம்பியை இறுக்கிப் பிடித்தால் சுரம் மேலே ஓடிவிடும். கை கனத்தவர்கள் கார்டு பிடிக்கும்போதெல்லாம் சுருதி பிசகும். வேகமாக அடித்து வாசித்தால் கம்பி, கழுத்தின் குறுக்கே பதித்த உலோகப் பட்டையான ஃப்ரெட்டில் மோதிக் கடகடக்கும். சுருதியை நிரந்தரமாக இறக்கி வாசிப்பவர்களுக்கு, அயோமியைப் போல் பழகியிருந்தாலொழிய, தடித்த கம்பிதான் நிதானம் தரும். வளைப்பது மெல்லிய மூன்றில், அடிப்பது தடித்த மூன்றில் என்று கை பழகியவர்களுக்கு 9இல் தொடங்கி 46இல் முடியும் கலப்பு செட் இருக்கிறது. கர்நாடக இசையைக் கிட்டாரில் வாசிக்க விரும்புபவர்கள் ஒன்பதைத் தாண்ட அவசரப்பட வேண்டாம் என்பேன். வீணையில் தந்தியை இழுப்பதுபோல் கமகத்துக்கு ஒரே ஃப்ரெட்டில் இரண்டு மூன்று சுரம் இழுக்க வேண்டியிருக்கும்.

கிட்டாரின் நீளத்தையும் கேட்டுக்கொள்ளுங்கள். ஸ்ட்ராட்டோகாஸ்டரில் கம்பி அதிரும் நீளம் 25.5 அங்குலம், கிப்ஸன் லெஸ் பாலில் 24.75. அதே செட் லெஸ் பாலில் சுமார் 6 சதவீதம் இளகியிருக்கும். நண்பனின் லெஸ் பாலில் வெண்ணெயாக இருந்த பத்து, நம் ஸ்ட்ராட்டில் முரண்டு பிடிப்பது இதனால்தான்.

பல வீடுகளில் விரல் வலிக்குக் குற்றவாளி கம்பியே இல்லை, நட். கழுத்தின் தலைப்பக்கம் கம்பிகள் உட்காரும் சின்னஞ்சிறு வெள்ளைத் துண்டு. அதன் காடிகள் ஆழமாக வெட்டப்படாவிட்டால் முதல் ஃப்ரெட்டில் எஃப் கார்டு பிடிப்பது தண்டனை. எட்டு செட் மாட்டினாலும் வலிக்கும். சோதனை சுலபம். மூன்றாம் ஃப்ரெட்டுக்குச் சற்று முன்னால் கம்பியை அழுத்திக்கொண்டு, முதல் ஃப்ரெட்டின் மேல் எவ்வளவு இடைவெளி என்று பாருங்கள். மயிரிழைதான் இருக்க வேண்டும். காகிதமே மடித்து நுழைக்கலாம் போலிருந்தால், பணத்தைக் கம்பிக்குச் செலவழிக்காமல் பழுது பார்ப்பவரிடம் கொடுங்கள்.

துருவும் வலிதான். வியர்வைக் கை, கடலோரக் காற்று இரண்டும் சேர்ந்தால் மெல்லிய மூன்று எஃகுக் கம்பிகள் சீக்கிரமே சொரசொரத்துப் போகும். வாசித்து முடித்ததும் துணியால் துடைப்பது பாதி மருந்து. மெல்லிய பாலிமர் பூச்சுள்ள கம்பிகள் விலை கூடுதல், ஆனால் வியர்க்கும் கைக்கு நெடுநாள் வழவழப்பாக இருக்கும். சுற்றுக்கம்பியில் சுத்த நிக்கல், நிக்கல் பூசிய எஃகு, துருப்பிடிக்காத எஃகு என வகைகள் உண்டு. கடைசி வகை பளிச்சென்று ஒலிக்கும். விரலுக்குச் சற்று உரசலாகவும் இருக்கும்.

புது நம்பருக்கு மாறும் அன்று கிட்டாரும் மாறும். கம்பியின் இழுவை குறைந்தால் கழுத்தின் வளைவு நிமிர்ந்து, கம்பி ஃப்ரெட்டில் உரசலாம். ஸ்ட்ராட் போன்ற ட்ரெமலோ பிரிட்ஜ், முதுகுப்பக்கத்து ஸ்பிரிங்குகளுக்கும் கம்பிகளுக்கும் நடுவே மிதப்பது. ஒன்பதிலிருந்து பத்துக்குப் போனால் பிரிட்ஜின் பின்பக்கம் எழும்பி நிற்கும். பின்மூடியைத் திறந்து ஸ்பிரிங் பிடியின் இரண்டு திருகுகளை முடுக்க வேண்டும். ஆறு கம்பிகளையும் ஒரேயடியாகக் கழற்றாமல் ஒவ்வொன்றாக மாற்றினால் இந்தப் பிரிட்ஜ் அதிகம் அலைபாயாது. முதன்முறை மாற்றுபவர்கள், இப்போது கிட்டாரில் இருப்பது எந்த நம்பர் என்று கடையில் மைக்ரோமீட்டர் வைத்து அளந்து தெரிந்துகொண்டு, அதிலிருந்து ஒரு நம்பர் மட்டும் கீழே இறங்கிப் பாருங்கள்.