குறைத்த எடையைக் காத்தல்

மாணவ மாணவியரே, உடல் எடையைக் குறைக்க வழி கேட்போர் பலர். குறைத்த எடையைப் பல்லாண்டு காப்பது எங்ஙனம் என்று கேட்போர் மிகச் சிலர். கடினமான வினா இரண்டாவதே. சில திங்கள் உணவைக் குறைத்து மெலிந்த ஒருவர் மீண்டும் பருத்துவிட்டால், மன உறுதி அற்றவர் என்று ஊரார் நகைப்பர். வகுப்பறையிலும் இந்நகைப்பை நான் கேட்டிருக்கிறேன். நகைப்பதற்குமுன் உடலின் இயல்பை அறிதல் வேண்டும்.

உடலிலுள்ள கொழுப்பு வெறும் சேமிப்பு அன்று. லெப்டின் என்னும் சுரப்பை அது இரத்தத்தில் கலக்கிறது. இதற்குரிய மரபணுவை 1994இல் ஜெப்ரி பிரீட்மன் என்பவரின் ஆய்வுக் குழுவினர் நியூயார்க்கில் கண்டறிந்தனர். கொழுப்புக் குறைந்தால் லெப்டினும் குறையும். பஞ்சம் வந்துவிட்டது என்று கொண்டு மூளை பசியைத் தூண்டும். உடலின் செலவையும் சுருக்கும். எடை குறைக்கும் தொலைக்காட்சிப் போட்டியொன்றில் கலந்துகொண்ட 14 அமெரிக்கரை ஆறாண்டு கழித்து ஆய்ந்தனர். முடிவு 2016இல் வெளிவந்தது. சராசரியாக 58 கிலோ இழந்திருந்த அவர்கள் 41 கிலோவை மீண்டும் பெற்றிருந்தனர். அதனினும் வியப்பு ஒன்று உண்டு. ஓய்ந்திருக்கும்போது அவர்தம் உடல், அத்தகைய பருமனுக்கு எதிர்பார்ப்பதைக் காட்டிலும் நாளொன்றுக்குச் சுமார் 500 கலோரி குறைவாகவே செலவிட்டது. ஆறாண்டாகியும் உடல் பஞ்சத்தை மறக்கவில்லை! இதனை மன உறுதியின்மை என்பது எவ்வாறு பொருந்தும்?

அவ்வாறாயின் காப்பவர் எவ்வாறு காக்கின்றனர்? நியூயார்க் நகரின் குவீன்ஸ் பகுதியில் ஜீன் நைடெச் என்ற இல்லத்தரசி வாழ்ந்தார். 1961இல் அவர் எடை 214 இராத்தல். நகரச் சுகாதாரத் துறையின் மருத்துவமனையில் அவருக்கு உணவு முறை வகுத்துத் தந்தனர். எடையும் குறையத் தொடங்கிற்று. ஆயினும் பிஸ்கோத்துகளை ஒளித்துவைத்து உண்ணும் பழக்கம் விடவில்லை. மருத்துவரிடம் சொல்ல நாணினார். தம்மைப் போன்ற ஆறு தோழியரை வீட்டுக்கு அழைத்து அவர்களிடம் சொன்னார். அவர்களும் தத்தம் கள்ளத் தீனியை வெளியிட்டனர். இரண்டு திங்களுக்குள் அக்கூட்டம் நாற்பது பேராயிற்று. நைடெச் 142 இராத்தலுக்கு வந்தார். 1963இல் அக்கூட்டம் ஒரு நிறுவனமாகவே உருப்பெற்றது. உணவுப் பட்டியல் மருத்துவமனையுடையது. அதனைக் கைவிடாதிருக்கத் துணை நின்றது தோழமை.

1994இல் ரேனா விங், ஜேம்ஸ் ஹில் என்னும் இரு அறிஞர், 30 இராத்தலேனும் குறைத்து ஓராண்டேனும் காத்தவர்களுக்கென அமெரிக்காவில் ஒரு பதிவேடு தொடங்கினர். பதினாயிரத்துக்கு மேற்பட்டோர் அதில் சேர்ந்தனர். அவர்களுள் பெரும்பாலோர் காலையுணவைத் தவிர்ப்பதில்லை. வாரம் ஒருமுறையேனும் எடை பார்க்கின்றனர். நாள்தோறும் ஏறக்குறைய ஒரு மணி நேரம் உடலுழைப்பு மேற்கொள்கின்றனர். நடையே அவர்கள் மிகுதியும் விரும்புவது. ஒன்றை மறவாதீர்: வென்றவர் மட்டுமே பெயர் பதிந்த ஏடு இது. தோற்றவர் பழக்கங்களை இதில் காண இயலாது. ஆகவே இவற்றை உறுதியான காரணங்கள் என்று கொள்ளாமல், பயனுள்ள குறிப்புகள் என்றே கொள்க. வளரும் பருவத்தினராகிய நீங்கள் மருத்துவரைக் கேளாமல் பட்டினி கிடத்தலும் ஆகாது.

அப்பதிவேடு காட்டும் செய்தி இன்னும் ஒன்று உண்டு. இரண்டு முதல் ஐந்தாண்டுவரை எடையைக் காத்தவர்க்கு, பின்னர் அது மீளும் அச்சம் வெகுவாகக் குறைகிறது. காப்பதற்கு வேண்டும் முயற்சியும் வரவர எளிதாகிறது என்று அவர்களே தெரிவித்துள்ளனர்.