பழைய மழைக் கணக்கில் ஒத்த வருஷத்தை விரைவில் காணும் முறை

அக்டோபர் மழை முடிந்ததும், "இவ்வருஷத்து மழை எந்த வருஷத்தைப் போன்றது?" என்று மானாவாரி விவசாயிகள் ஒருவரையொருவர் வினவுவது வழக்கம். ஞாபகத்தில் நிற்பவை வெள்ள வருஷமும் பஞ்ச வருஷமுமே. அதை மட்டும் நம்பி விதைப்பவர் விதையையும் கூலியையும் இழக்க நேரிடும். ஆதலின் மழைமானிக் கணக்கைப் பார்ப்பதே உசிதம்.

ஆனால் 50 வருஷக் கணக்கில் அக்டோபரின் 31 நாட்களையும் நாள்வாரியாக ஒப்பிட 1,550 கழித்தல்கள் வேண்டும். இவ்வேலையைச் சுருக்கும் விதி ஒன்றுண்டு. கூடுதல் குறைவு பாராமல் நாள்வாரி வித்தியாசங்களைக் கூட்டினால் வரும் தொகை, மொத்த மழைகளின் வித்தியாசத்திற்கு ஒருபோதும் குறையாது.

உதாரணமாக, இவ்வருஷம் ஐந்து நாட்களில் பெய்தது 10, 0, 25, 0, 5 மில்லிமீட்டர், மொத்தம் 40. முதற் பழைய வருஷத்தில் 0, 12, 20, 6, 0, மொத்தம் 38. நாள்வாரி வித்தியாசத் தொகையும் 38. மற்றொரு வருஷத்தின் மொத்தம் 120 எனில், மொத்த வித்தியாசமே 80. அதன் நாள்வாரித் தொகை 80-க்குக் குறைய வழியில்லை. எனவே அவ்வருஷத்தின் நாட்கணக்கைப் பாராமலே தள்ளிவிடலாம்.

செய்யவேண்டியவை:

1. ஒவ்வொரு வருஷத்திற்கும் அக்டோபர் மொத்தத்தை ஒருமுறை எழுதி வைத்துக்கொள்க.

2. இவ்வருஷ மொத்தத்திற்கு நெருங்கிய வருஷம் முதலாக வரிசைப்படுத்தி, நாள்வாரியாக ஒப்பிடுக. இதுவரை கண்ட மிகச் சிறிய தொகையே எல்லையாகும்.

3. கூட்டும்போதே எல்லையைத் தாண்டினால் அவ்வருஷத்தை அங்கேயே விட்டுவிடுக.

4. மொத்த வித்தியாசம் எல்லையை மிஞ்சும் வருஷம் வந்ததும் நிறுத்துக. அதற்குப் பின் உள்ளவை யாவும் தாமே கழிந்தன.

மொத்தம் ஒத்திருப்பது மட்டும் ஒற்றுமைக்கு அத்தாட்சியன்று. மேற்படி முதல் வருஷமே சாட்சி. மொத்தம் தள்ளுவதற்கு உதவுமேயன்றி, தேர்வதற்கு உதவாது.

1993-இல் அகர்வால், பலூட்சோஸ், சுவாமி என்போர், நீண்ட காலவரிசைக் கணக்குகளை முதலில் சில எண்களாகச் சுருக்கி ஒப்பிட்டு, தகுந்தது எதுவும் தவறாமல் கம்ப்யூட்டரில் விரைந்து தேடும் வழியை வெளியிட்டனர். அதன் அடிப்படையும் இத்தகைய விதியே.

ஒத்த வருஷம் ஜோசியமன்று. ஒன்றை மட்டும் நம்பாமல் மூன்று வருஷங்களைக் கண்டு (அப்போது மூன்றாவதன் தொகையே எல்லை), அவற்றில் நவம்பர் மழை எவ்வாறு பெய்ததென்று பார்த்து, விதைப்பை நிச்சயிப்பது நலம். கிராம அதிகாரிகள் மழைக் கணக்கை நாள் தவறாமல் பதிந்து வருவார்களாயின், இம்முறை அனைவர்க்கும் பயன்படும்.