கொழும்புச் சர்வகலாசாலையும் அதன் கீர்த்தியும்

ஒரு சர்வகலாசாலையின் கீர்த்தியை அதன் மண்டபங்களையும் உபகரணங்களையும் கொண்டு அளப்பது இந்நாளில் வழக்கமாகிவிட்டது. ஆயினும், தேர்ஸ்டன் வீதியில் றெஜினா வளவு என்னும் மாளிகையில் 1921ஆம் ஆண்டு யூனிவர்சிற்றிக் கல்லூரியாய் ஆரம்பித்து, யுத்தகாலமாகிய 1942இல் இலங்கைச் சர்வகலாசாலையாய் உயர்ந்த அக்கழகத்தின் சரித்திரத்தைச் சிரத்தையோடு நோக்குவோர்க்குக் கட்டடங்களைக் காட்டிலும் சில மனிதரே முன்வந்து நிற்பர்.

1943இல் அங்கே முதலாவது தமிழ்ப் பேராசிரியராய் அமர்ந்தவர் சுவாமி விபுலாநந்தர். காரைதீவிற் பிறந்து, விஞ்ஞானம் பயின்று, லண்டன் பி.எஸ்ஸி. பட்டமும் பெற்றிருந்த அத்துறவியார், சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையிலே பேசப்படும் இசை நுட்பங்களை வெறும் சொற்பொருளாய் விட்டுவிடாமல், நரம்புகளின் அளவுகளையும் சுருதிகளின் விகிதங்களையும் கணிதத்தால் நிறுத்துப் பார்த்து, வழக்கொழிந்த யாழின் இலக்கணத்தை மீட்டெடுக்க முற்பட்டார். பௌதிகமும் புலமையும் ஒருவரிடத்தே கூடியிராவிடின் அந்த ஆராய்ச்சி தொடங்கியே இராது என்பது என் துணிபு. பல்லாண்டு உழைப்பின் பலனாகிய 'யாழ்நூல்' 1947 யூனில் திருக்கொள்ளம்பூதூரில் அரங்கேறியது. அடுத்த மாதமே ஆசிரியர் இறைவனடி சேர்ந்தார்.

விஞ்ஞானப் பகுதியிலே, பௌதிகப் பேராசிரியர் ஏ. டபிள்யூ. மயில்வாகனம் அண்டக் கதிர்களை ஆராய்ந்தார். கேம்பிரிட்ஜில் பௌதிக மேதை டிராக்கிடம் பயின்ற சி. ஜே. எலியேசர், தமக்கு முப்பது வயது கடந்த அளவிலே, 1949இல் கணிதப் பேராசிரியரானார். கதிர்வீசலின் எதிர்விளைவையும் கணக்கிற் கொண்ட டிராக்கின் சமன்பாட்டின்படி, புரோத்தனை நோக்கி நேரே பாயும் இலத்திரன் அதனைச் சென்றடையாது விலகிவிடும் என்று 1943இல் அவர் காட்டிய வியப்பான முடிபு இன்றும் அவர் பெயரால் வழங்குகின்றது. இதற்கு வேண்டியிருந்தது கூர்த்த மதியும், இடையூறின்றிச் சிந்திக்கும் அவகாசமுமே.

கருவிகள் வேண்டா என்பது என் கருத்தன்று. அண்டக் கதிரை வெறுங்கண்ணாற் காண இயலாது. நூல்நிலையமின்றிப் பழைய ஏட்டை ஒப்புநோக்கவும் இயலாது. ஆயினும், 1952இல் கலைப் பகுதி பேராதனைக்குப் பெயர்ந்தபோது கொழும்பில் கலைக்கும் விஞ்ஞானத்துக்கும் இடையே அறுந்த தொடர்பு மிகப் பெரிது. 1978இல் கொழும்புப் பல்கலைக்கழகம் தனித்தியங்கத் தொடங்கிய பின்னரும், தமிழும் விஞ்ஞானமும் ஒரே முற்றத்தில் உரையாடிய அக்காலம் மீளவில்லை.

வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் அத்தலைமுறை ஆசிரியரிடம் பயின்றோரின் குடும்பங்கள் இன்றும் வாழ்கின்றன. உங்கள் வீட்டு அலுமாரியில் அக்காலத்து விரிவுரைக் குறிப்போ, கடிதமோ, பழைய சஞ்சிகையோ இருக்குமாயின், கறையானுக்கு விடாது, பல்கலைக்கழக நூலகத்துக்கோ வெள்ளவத்தைத் தமிழ்ச் சங்க நூலகத்துக்கோ தயவுசெய்து இவ்வருஷமே ஒப்படையுங்கள்.