ஒரே தூரம், வேறு வேறு கடிகாரம்

அருப்புக்கோட்டையிலிருந்து மதுரை விமான நிலையம் சுமார் ஒரு மணி நேரப் பயணம். அங்கிருந்து மேற்கே துபாய் சுமார் 2,950 கிலோமீட்டர். கிழக்கே சிங்கப்பூர் சுமார் 3,010 கிலோமீட்டர். மானாவாரி வெள்ளாமை கைகொடுக்காமல் திருச்சுழிப் பக்கமிருந்து பிழைப்புத் தேடிக் கிளம்புகிறவருக்கு இரண்டு ஊரும் ஏறக்குறைய ஒரே தொலைவுதான். நேரடி விமானத்தில் இரண்டுக்கும் நாலேகால் மணி நேரம் என்று வைத்துக்கொள்வோம். டிக்கெட்டைப் பார்த்தால் கணக்கு அப்படி வராது.

மதுரையில் பகல் 12 மணிக்குப் புறப்பட்டால் துபாயில் 2.45க்கு இறங்கலாம்; சிங்கப்பூரில் மாலை 6.45 ஆகிவிடும். திரும்பும்போது தலைகீழ். துபாயில் 12க்குப் புறப்பட்டவர் மதுரைக்கு மாலை 5.45க்கு வருவார்; சிங்கப்பூரில் 12க்குப் புறப்பட்டவர் 1.45க்கே வந்துவிடுவார். டிக்கெட்டில் அச்சாவது அந்தந்த ஊர் நேரம் என்பதே காரணம். துபாய் நமக்கு ஒன்றரை மணி நேரம் பின்னால். சிங்கப்பூர் இரண்டரை மணி நேரம் முன்னால்.

பூமி ஒரு பாகை சுழல 4 நிமிடம் ஆகிறது. மதுரைக்கும் துபாய்க்கும் தீர்க்கரேகை வித்தியாசம் 23 பாகை, அதாவது 92 நிமிடம். கடிகாரம் சொல்வதும் ஏறக்குறைய அதைத்தான். சிங்கப்பூருக்கோ 26 பாகை. 104 நிமிடம்தான் வரவேண்டும். மீதி முக்கால் மணியில் பெரும்பங்கு அரசு முடிவால் வந்தது. 1982 ஜனவரி 1 அன்று மலேசியாவோடு சேர்ந்து சிங்கப்பூர் தன் கடிகாரத்தை அரை மணி முன்னே நகர்த்தியது. அங்கே காலை 7 மணியை ஒட்டிச் சூரியன் உதிப்பது இதனால்தான்.

பறக்கும் நேரத்தைக் காற்றும் மாற்றும். ஆடியில் நம் கரிசல் காட்டில் புழுதி கிளப்புவது மேல்காற்று. அதே நாளில் விமானம் பறக்கும் உயரத்தில் காற்று நேரெதிராகக் கிழக்கிலிருந்து வீசுகிறது. கோடையில் திபெத் பீடபூமி சூடேறுவதோடு தொடர்புடைய இந்தக் கிழக்குத் தாரைக்காற்றை 1958இல் விளக்கியவர் இந்திய வானிலைத் துறை விஞ்ஞானி கோட்டீஸ்வரம். 14 கிலோமீட்டருக்கு மேலே இதன் வேகம் மணிக்கு 100 கிலோமீட்டரைத் தாண்டும். எதிர்காற்றில் சைக்கிள் மிதித்தவருக்கு இதன் விளைவு புரியும். மணிக்கு 850 கிலோமீட்டரில் பறக்கும் விமானத்துக்கு 50 கிலோமீட்டர் காற்று துணையாக வருவதற்கும் எதிராக வருவதற்கும் துபாய்த் தொலைவில் ஏறக்குறைய 25 நிமிடம் வித்தியாசம்.

ஆகவே டிக்கெட் கைக்கு வந்ததும் எல்லா நேரத்தையும் நம் நேரத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள். துபாய் நேரத்தோடு ஒன்றரை மணி கூட்டுங்கள். சிங்கப்பூர் நேரத்தில் இரண்டரை மணி கழியுங்கள். சிங்கப்பூரில் காலை 5.30க்கு இறங்குகிறவரின் உடம்புக்கு அது விடியற்காலை 3 மணி. அன்றைக்கே வேலையில் இறங்கினால் கண் சொருகும். இயந்திரத்தின் முன்னால் அது ஆபத்து. போகிற தேதியைக் குறிக்கும்போதே ஒரு முழு ராத்திரித் தூக்கத்துக்கும் இடம் வையுங்கள்.