உறைவதற்கு முன் ஒரு கொதி

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் பச்சை ஆஸ்பராகஸ் மே, ஜூனில் குவியும்; பிறகு ஃப்ரீசர்தான் கதி. தண்டுகளைப் பச்சையாகவே உள்ளே வைத்தால் நாளடைவில் நிறம் மங்கி, வைக்கோல் வாடை தட்டும். ஏன்? நிறத்தையும் மணத்தையும் கெடுக்கும் நொதிகளைக் குளிர் அழிப்பதில்லை, மந்தப்படுத்தவே செய்கிறது. அவற்றை முடக்குவது வெப்பம்தான்.

எப்படி? கொதிநீரில் மெல்லிய தண்டுக்கு 2 நிமிடம், தடித்ததற்கு 4. உடனே ஐஸ் தண்ணீரில் போடவேண்டும். இல்லாவிட்டால் உள்சூட்டிலேயே வெந்து குழையும். ஈரம் போகத் துடைத்து, தட்டில் ஒட்டாமல் பரப்பி உறையவைத்து, காற்றை வெளியேற்றிப் பையிலிட்டு மைனஸ் 18 டிகிரியில் வைத்தால் எட்டு மாதமாவது ருசி நிற்கும்.

மொறுமொறுப்பை மட்டும் எதிர்பார்க்காதீர்கள். உறையும் நீர் ஊசிப் படிகங்களாகிச் செல் சுவர்களைக் கிழித்துவிடும். சாலட்டுக்கு உதவாது, சூப்புக்கு அருமை. உருகவிடாமல் நேரே சட்டியில் போடுங்கள்.