குர்துபா காஜியின் தீர்ப்பு

தத்துவம் படிப்பதை மார்க்கம் அனுமதிக்கிறதா, தடுக்கிறதா, கடமையாக்குகிறதா? 12ஆம் நூற்றாண்டில், முஸ்லிம் ஆட்சியில் இருந்த ஸ்பெயினில் இப்னு ருஷ்து எழுப்பிய கேள்வி இது. 1126இல் குர்துபாவில் பிறந்த அவர் மருத்துவர், அரிஸ்டாட்டிலுக்கு உரை எழுதியவர். செவில்லிலும் பிறகு சொந்த ஊரிலும் காஜியாக, அதாவது மார்க்கச் சட்ட நீதிபதியாக, இருந்தார், பாட்டனாரும் காஜிதான். அதனால் ‘ஃபஸ்லுல் மகால்’ என்ற சிறுநூலில் அவர் ஃபத்வா (மார்க்கத் தீர்ப்பு) கொடுப்பவரைப் போலவே பேசுகிறார். படைப்பை ஆராய்ந்து பார் என்று குர்ஆன் திரும்பத் திரும்பச் சொல்கிறது. ஆராய்ச்சிக்குத் தர்க்கம் வேண்டும். ஆகவே தகுதியுள்ளவர் அதைக் கற்றே ஆகவேண்டும்.

தர்க்கம் கிரேக்கர்களின் சரக்காயிற்றே? அறுப்பதற்கான கத்தி சரியாக இருக்கிறதா என்று பார்ப்போம். அது எந்த மதத்தவருடையது என்று விசாரிப்பதில்லை என்றார் காஜி.

அவர் பதில் சொல்லவேண்டியிருந்த பெரிய எதிர்த்தரப்பு இமாம் கஸ்ஸாலி. பக்தாதின் நிழாமிய்யா மதரஸாவில் பாடம் நடத்திய கஸ்ஸாலி, தத்துவவாதிகளான ஃபாராபி, இப்னு சீனா ஆகியோரின் கருத்துகளை 20 தலைப்புகளில் மறுத்து ஒரு நூல் எழுதினார். அவற்றில் மூன்று இறைமறுப்பு என்றே தீர்ப்பளித்தார்: உலகம் தொடக்கமற்றது, இறைவன் பொதுவானவற்றை மட்டுமே அறிவான், மறுமையில் உடல் எழுப்பப்படாது. இதை வைத்துக் கஸ்ஸாலியை அறிவின் எதிரி என்று சித்திரிப்பது சோம்பேறித்தனம். பஞ்சில் நெருப்பு பட்டதும் பஞ்சு எரிவதைப் பார்க்கிறோம். நெருப்புதான் எரித்தது என்பதை எங்கே பார்த்தோம் என்று கேட்டவர் அவர். தத்துவவாதிகள் நிரூபணம் என்று காட்டுவது நிரூபணமே அல்ல என்பதைத் தர்க்கத்தாலேயே காட்ட முயன்றார். பின்னாளில் சட்டவியல் பற்றி எழுதிய நூலுக்குத் தர்க்கத்தையே முன்னுரையாகவும் வைத்தார்.

ஆக, அறிவு வேண்டுமா என்பதில் இருவருக்கும் சண்டையில்லை. அது எங்கே நிற்கவேண்டும், வசனத்துக்கு உட்பொருள் சொல்ல யாருக்கு உரிமை என்பதில்தான் சண்டை. ஆலு இம்ரான் அத்தியாயத்தின் 7ஆம் வசனம், குர்ஆனில் தெளிவான வசனங்களும் பல பொருள் தரக்கூடியவையும் உண்டு என்கிறது. இரண்டாம் வகையின் விளக்கத்தை அறிபவன் இறைவன் என்ற இடத்தில் ஓதுபவர் நிறுத்தினால் மனிதருக்கு அங்கே வேலையில்லை. நிறுத்தாமல் தொடர்ந்தால் அறிவில் வேரூன்றியவர்களும் அந்த அறிவில் பங்காளிகள். இப்னு ருஷ்து தொடர்ந்து ஓதும் பக்கம் நின்றார். நிரூபணமும் வசனத்தின் வெளிப்பொருளும் மோதினால், அரபு மொழி மரபு இடம்கொடுக்கும் அளவுக்கு வசனத்துக்கு உட்பொருள் காணலாம். உண்மை உண்மையோடு முரண்படாது என்பது அவர் நிலை.

ஆனால் அவரைச் சுதந்திரச் சிந்தனையின் நாயகனாகக் கொண்டாடுபவர்கள் ஒன்றைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். அந்த உட்பொருளைப் பாமரருக்குச் சொல்லக்கூடாது என்றார் இப்னு ருஷ்து. கஸ்ஸாலியின் மேல் அவருக்கிருந்த கோபங்களில் ஒன்று, இந்த விஷயங்களை எல்லோரும் படிக்கும் நூல்களில் போட்டு உடைத்தார் என்பது.

1195இல் அன்றைய ஆட்சியாளர் கலீஃபா அல்மன்சூர் இப்னு ருஷ்தை லூஸேனா என்ற ஊருக்கு நாடுகடத்தினார். தத்துவ நூல்கள் எரிக்கப்பட்டன. மருத்துவமும் கணக்கும் தப்பின. கூடவே, தொழுகை வேளையையும் தொழும் திசையான கிப்லாவையும் அறிய உதவும் அளவுக்கு வானியலும் தப்பியது. பிறகு கலீஃபாவின் மனம் மாறி, இப்னு ருஷ்து மீண்டும் அழைக்கப்பட்டார். 1198இல் மர்ராகிஷில் இறந்தார். அதன்பின் அவருடைய உரைகளை அதிகம் படித்தவர்கள் எபிரேயத்திலும் லத்தீனிலும் படித்த யூதர்களும் கிறிஸ்தவர்களும்தான்.